செசி இலக்கம் ஒத்துவராத பழைய மோட்டார் சைக்கிள்: வாங்கலாமா, விற்கலாமா?

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வாப்பா காலமாகி ஆறு மாதங்கள். வீட்டின் பின்புறத்தில் படங்கு போட்டு மூடியபடி அவருடைய பீ.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அலுமாரியில் அதன் பதிவுப் புத்தகமும் பத்திரமாக இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து நல்ல விலை பேசுகிறார். முற்பணம் கொடுப்பதற்கு முன்னர், அவர் கூட்டி வந்த மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் வண்டியின் கழுத்தைத் துடைத்து இலக்கத்தை வாசிக்கிறார். முதல் எழுத்தும் நடுவில் ஓர் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. வியாபாரம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அன்று மாலை தெரிந்தவர் ஒருவர் வந்து சொல்கிறார்: "இதற்கெல்லாம் யோசிப்பதா? புத்தகத்தில் உள்ளபடி இலக்கத்தை அடித்துத் தர எனக்கு ஆள் தெரியும். அரை மணி நேர வேலை."

இந்த யோசனையை ஏற்கலாமா? கூடவே கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம். பழைய மோட்டார் சைக்கிள்களையும் உதிரிப்பாகங்களையும் வாங்கி விற்பவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் இப்படியொரு வண்டி கிடக்கும் எவருக்கும் இது உதவும்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய வண்டிகள் அரிதாகிவிட, பழையவற்றைத் தேடுவோர் பெருகினர். பழைய இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டிய பீ.எஸ்.ஏ., டிரையம்ப், நோர்ட்டன், மெச்லஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளும், எழுபதுகளின் ஹொண்டாக்களும் கொல்லைப்புறங்களிலிருந்து வெளியே வந்தன. விலை ஏறியபோது இலக்கங்களைப் பற்றிய கேள்வியும் கூடவே எழுந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 இறுதியில் பதிவு செய்யப்படாத சொகுசு வாகனங்களும் போலி இலக்கத் தகடுள்ள வாகனங்களும் பல இடங்களில் பொலிஸாரால் கைப்பற்றப்பட்டன. அதன் பின்னர் எந்த வாகனத்தின் செசி இலக்கத்தையும் யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை.

சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது எது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்படாத வாகனத்தை வீதியில் பாவிக்க முடியாது. நாரஹேன்பிட்டியில் தலைமையகத்தைக் கொண்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமே அந்தப் பதிவைப் பேணுகிறது. பதிவுப் புத்தகத்தில் உரிமையாளரின் பெயர், வண்டியின் வகை, எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் ஆகியவை இருக்கும்.

மோட்டார் சைக்கிளில் செசி என்று நாம் சொல்வது அதன் இரும்புச் சட்டகத்தை, அதாவது பிரேமை. எஞ்சின் மாறலாம், டாங்கி மாறலாம், சில்லுகள் மாறலாம். ஆனால் எந்தச் சட்டகத்தின் இலக்கம் புத்தகத்தில் இருக்கிறதோ அதுவே பதிவு செய்யப்பட்ட வண்டி. எஞ்சினை மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவித்து, அந்த எஞ்சின் வந்த வழியை ஆவணத்தால் காட்டிப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். சட்டகம் மாறினால் அது வேறு வண்டியா என்ற கேள்வியே எழுந்துவிடும்.

இலக்கம் ஏன் ஒத்துவராமல் போகிறது?

இலக்கம் ஒத்துவரவில்லை என்றவுடன் களவு வண்டி என்று முடிவு செய்துவிடக் கூடாது. பழைய வண்டிகளில் இதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

முதலாவது எழுத்துப் பிழை. அக்காலத்தில் தொழிற்சாலையில் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் உளியும் சுத்தியலும் கொண்டு கையால் அடித்தார்கள். வரிசை கோணலாக இருக்கும், ஓர் எண் ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் பதிந்திருக்கும். அதன் மேல் ஐந்தாறு முறை பெயின்ட் ஏறியிருக்கும். வெள்ளவத்தை போன்ற கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்று பட்ட இரும்பில் துரு வேறு. 3 என்பது 8 ஆகத் தெரியும், பூச்சியம் ஓ என்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும். 1949இல் தொடங்கி பீ.எஸ்.ஏ. நிறுவனம் தனது பி.31 ரக வண்டிகளில் இசட்.பி.31 என்ற முன்னொட்டோடு இலக்கம் அடித்தது. அந்த இசட் என்ற எழுத்தை 2 என்று எழுதிவிடுவது மிக எளிது. சில புத்தகங்களில் முன்னொட்டையே விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதியிருப்பார்கள். சிலவற்றில் செசி இலக்கம் இருக்க வேண்டிய கட்டத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கும்.

இரண்டாவது, வண்டியின் பழைய வரலாறு. இரண்டாம் உலகப் போரில் பீ.எஸ்.ஏ. நிறுவனம் எம்.20 என்ற ரகத்தில் மட்டும் சுமார் 126,000 வண்டிகளைப் பிரித்தானியப் படைகளுக்காகச் செய்தது. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. இராணுவப் பட்டறைகளில் ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொன்றின் சட்டகத்தில் பூட்டுவது அன்றாட வேலை. போர் முடிந்து ஏலத்தில் விற்கப்பட்ட வண்டிகள் அப்படியே பொதுமக்கள் கைக்கு வந்தன. பின்னர் அறுபதுகளிலும், 1970 முதல் 1977 வரையும் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் இரண்டு வண்டிகளை ஒன்றாக்கி ஓடியவர்கள் ஏராளம். பஞ்சிகாவத்தையில் பழகிய முதியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இதில் பெரும்பாலும் களவு இல்லை. ஆனால் ஆவணமும் இல்லை.

மூன்றாவதுதான் மோசடி. களவு போன வண்டிக்கு, அழிந்துபோன வண்டியொன்றின் புத்தகத்தையும் தகட்டையும் பொருத்துவது. அல்லது பதிவே இல்லாத சட்டகத்தில் புத்தகத்திலுள்ள இலக்கத்தை அடிப்பது.

இங்கேதான் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வகையில் சிக்கியவர் நிரபராதி. அவர் அவசரப்பட்டு இலக்கத்தை அடித்துச் "சரி" செய்தால், தன் கையாலேயே தன் வண்டியை மூன்றாவது வகையில் சேர்த்துவிடுகிறார். தான் நிரபராதி என்பதற்கான ஒரே சாட்சி அந்தப் பழைய இலக்கம். அதையும் அவரே அழித்துவிடுகிறார்.

அழித்த இலக்கம் அழிவதில்லை

"தேய்த்துவிட்டு அடித்தால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். உளியால் அடிக்கும்போது மேற்பரப்பு மட்டும் குழிவதில்லை. அதற்குக் கீழே உள்ள இரும்பும் நசுங்கி இறுகுகிறது. மேலே உள்ளதைத் தேய்த்து எடுத்தாலும் இறுகிய பகுதி உள்ளே இருக்கும். அந்த இடத்தைப் பளபளப்பாக்கி அமிலக் கலவையைத் தடவும்போது, இறுகிய இரும்பும் சாதாரண இரும்பும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படும். பழைய இலக்கம் நிழல் போல மேலே வரும். நீதிமன்றமோ பொலிஸாரோ அனுப்பும் வாகனங்களில் இப்படியான பரிசோதனையை நம் நாட்டில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் செய்கிறது.

பரிசோதனைக்குப் போகாமலே பழக்கப்பட்ட கண்ணுக்குப் பிடிபடும் அடையாளங்களும் உண்டு. இலக்கத்தைச் சுற்றி மட்டும் இரும்பு பள்ளமாக இருத்தல், கிரைண்டர் கீறல்கள், சுற்றுப்புறத்தில் துரு இருக்க இலக்கம் மட்டும் கூர்மையாக இருத்தல், எண்களின் வடிவம் அந்த நிறுவனத்தின் வடிவத்தோடு ஒத்துவராமை ஆகியவை அவற்றில் சில. மிக நேராக, மிக அழகாக இருக்கும் இலக்கத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

இலக்கத்தை எப்படி வாசிப்பது?

முதலில் சரியான இடத்தைத் தேட வேண்டும். பல பீ.எஸ்.ஏ. வண்டிகளில் ஹேண்டில் பொருந்தும் கழுத்தின் இடப்பக்கத்திலோ எஞ்சினைப் பிடிக்கும் முன்புறத் தாங்கியிலோ இலக்கம் இருக்கும். மெச்லஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளில் ஆசனத்துக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் பெரும்பாலும் கழுத்தில் இருக்கும்.

கிரைண்டர், கம்பித் தூரிகை, மணல் வீச்சு எதுவும் வேண்டாம். பெயின்ட் கரைப்பானைத் தடவி மென்மையான துணியால் துடையுங்கள். சுண்ணக்கட்டியைத் தேய்த்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து பிடித்துப் பாருங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிப்பு எடுங்கள். பின்னர் சுற்றுப்புறமும் தெரியும்படி புகைப்படம் எடுத்துத் திகதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருத்தப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது மணல் வீச்சில் பழைய இலக்கம் மழுங்கிப் போய், பிறகு தலையில் கை வைத்தவர்கள் பலர்.

இன்னொன்று. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. போருக்குப் பிந்திய நோர்ட்டனில் இரண்டும் ஒன்றாக இருப்பது வழமை. அக்கால பீ.எஸ்.ஏ.யில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டும் வேறு வேறு. ஹொண்டா சி.50இல் சட்டகம் சி.50 என்றும் எஞ்சின் சி.50.ஈ என்றும் தொடங்கும். இரண்டும் வேறாக இருப்பதை மட்டும் வைத்து விலையை அடிப்பதும் தவறு, ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து நம்புவதும் தவறு.

இலக்கத் தகடும் ஒரு சாட்சி

நம் நாட்டில் பதிவிலக்கம் வண்டியோடு கடைசி வரை போகிறது. அதனால் தகட்டைப் பார்த்தே வண்டி பதிவான காலத்தை ஓரளவு சொல்லலாம். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலிருந்து எடுத்த சீ.எல்., சீ.வை., ஈ.எல்., ஈ.என். போன்ற இலக்கங்கள் முந்தியவை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஸ்ரீ இலக்கங்கள் வந்தன. சீ.வை. இலக்கம் பூட்டிய வண்டியின் சட்டகம் அறுபதுகளில் செய்யப்பட்டது என்று தெரிந்தால், அந்தத் தகடும் அந்தச் சட்டகமும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல. அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

சட்டகம் செய்யப்பட்ட ஆண்டை எப்படி அறிவது? 1946இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகமும், அந்தந்த வண்டிகளுக்கான உரிமையாளர் கழகங்களும் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. எஞ்சின், செசி இலக்கங்களையும் படங்களையும் அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், பதிவேடு கிடைக்கும் வண்டிகளுக்கு ஆண்டைக் குறித்துக் கடிதம் தருவார்கள். நம் திணைக்களத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் கோரிக்கைக்கு நல்ல துணையாவணம்.

திணைக்களத்துக்குப் போகும் வழி

1. பதிவிலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, திணைக்களத்தின் பதிவிலுள்ள விவரங்களைப் பெறுங்கள். கையிலுள்ள புத்தகத்தில் ஒன்றும் திணைக்களப் பதிவில் வேறொன்றும் இருக்கலாம். பிழை எங்கே நடந்தது என்பது முதலில் தெரிய வேண்டும்.

2. கிடைக்கும் பழைய கடதாசிகள் எல்லாவற்றையும் சேருங்கள். பழைய வருமான அனுமதிப்பத்திரங்கள், காப்புறுதிச் சான்றிதழ்கள், வாங்கிய பற்றுச்சீட்டு, வண்டியோடு எடுத்த குடும்பப் படம் கூட உதவும். நாற்பது ஆண்டுகளாக ஒரே வண்டி ஒரே குடும்பத்தில் இருந்தது என்பதை இவை காட்டும்.

3. நடந்ததை நடந்தபடி எழுதி, சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடியுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டாம்.

4. பதிவைத் திருத்தித் தருமாறு திணைக்களத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வண்டியை மோட்டார் வாகனப் பரிசோதகர் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். அவர் பார்க்கும்போது இலக்கம் தொடப்படாமல் இருப்பதே உங்கள் பலம். தேவையான படிவங்களையும் அன்றைய கட்டணத்தையும் கருமபீடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், தரகரிடம் அல்ல.

5. அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லையென்றால் நிலுவை பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கும், கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும்.

திணைக்களத்தில் பதிவே இல்லாத வண்டியென்றால் கதை வேறு. அது எப்போது, எப்படி நாட்டுக்குள் வந்தது, தீர்வை கட்டப்பட்டதா என்ற கேள்வி முதலில் வரும். சுங்க ஆவணம் இல்லாமல் அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரும் பணம் கொடுப்பது சூதாட்டம்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலுக்குத் தனி வழிகள் வைத்திருக்கின்றன. பிரித்தானியாவில் அடையாளமோ வயதோ உறுதியாகாத வண்டிக்கு கியூ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவிலக்கம் கொடுப்பார்கள். தகட்டைப் பார்த்தவுடனே வாங்குபவருக்கு விடயம் புரிந்துவிடும். இந்தியாவில் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களைத் தனி வரிசையில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 இந்திய ரூபா. வர்த்தகத் தேவைக்கு ஓட்ட முடியாது. இரண்டு நாடுகளிலும் சந்தேகத்தை மறைக்காமல் பதிவில் வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள்.

உரிமையாளர் யார் என்பதையும் பாருங்கள்

இலக்கம் சரியாக வந்தாலும் கையொப்பமிட ஆள் இருக்க வேண்டும். பழைய வண்டிகள் பல "ஓப்பன் பேப்பர்" என்ற பெயரில் நாலைந்து கை மாறியிருக்கும். புத்தகத்திலுள்ளவர் காலமாகியிருப்பார், அல்லது 1983க்குப் பின்னர் வெளிநாடு போயிருப்பார். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நம் தூதரகத்தினூடாக அற்றோர்னித் தத்துவம் அனுப்பலாம். அவர் காலமானால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வாப்பாவின் வண்டியென்றால், அது மூத்த மகனுக்கு மட்டும் உரியதல்ல. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. எல்லா வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டே விற்பனையைப் பேச வேண்டும்.

வியாபாரிக்குச் சில வார்த்தைகள்

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்கிறது என்பது ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. எழுதாவிட்டாலும் அது உண்டு. வண்டி களவு போனது என்று தெரியவந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்தும் உண்மையான உரிமையாளர் அதைத் திரும்பப் பெறலாம். வாங்கியவர் உங்களிடம் பணத்தைக் கேட்பார். களவுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு இருக்கிறது. "குறையை அறிந்தே வாங்கினார்" என்று பற்றுச்சீட்டில் எழுதுவது நல்லதுதான். ஆனால் களவுப் பொருளை அது ஹலாலாக்காது.

ஆகவே, இலக்கத்தில் சந்தேகமுள்ள வண்டியை வாங்குவதானால் சிறு முற்பணம் மட்டும் கொடுங்கள். பதிவு திருத்தப்பட்டுப் பெயர் மாறிய பின்னர் மீதியைக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். முடிய மாதங்கள் ஆகலாம். அந்தக் காலத்துக்குப் பணம் முடங்கும் என்பதையும் விலையில் கணக்கிடுங்கள். விற்பனைக்கு வைக்கும்போது வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்புவோம். மகன் உளிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, பெயின்டைக் கரைத்துப் பென்சில் பதிப்பு எடுத்துப் பார்க்கிறார். புத்தகத்தில் 2 என்றிருப்பது இரும்பில் இசட். நடுவில் 8 என்று மெக்கானிக் வாசித்தது, துருவைத் துடைத்தபோது புத்தகத்திலுள்ள அதே 3. அதாவது வண்டியில் எந்தப் பிழையும் இல்லை. ஒரு காலத்தில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியது மட்டுமே பிழை. விண்ணப்பமும் பரிசோதனையும் அலைச்சலும் இருக்கும், ஆனால் திருத்தக்கூடிய பிழை அது. அன்று மாலை அரை மணி நேர வேலைக்குச் சம்மதித்திருந்தால், வாப்பா விட்டுப்போன நல்ல வண்டி ஒன்று நீதிமன்ற வளவில் வழக்குப் பொருளாகத் துருப்பிடித்துக் கிடந்திருக்கும்.

உங்கள் வண்டியின் நிலை இதைவிடச் சிக்கலாக இருந்தால், பணம் கைமாறுவதற்கு முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள்.